மருந்துக்கு முன் தண்ணீர்: வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற கைத்தெளிப்பானைச் சோதித்துத் தேர்வு செய்வது எப்படி?

திருவனந்தபுரம்: ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்து, நாள் முழுவதும் பரபரப்பாக இருக்கும் பகுதி தம்பானூர். நிலத்தில் பயிரிட இடமில்லாத இத்தகைய நகர்ப்பகுதிகளில் வீட்டின் மொட்டை மாடியே தோட்டமாகிறது. வளர்ப்புப் பைகளில் வெண்டையும் மிளகாயும், கயிற்றில் படரவிட்ட பாகலும் நீண்ட பயறும் கேரள நகரங்களின் மாடிகளில் இன்று வழக்கமான காட்சி. இத்தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு கைத்தெளிப்பான் இருக்கும். விதையையும் மண்ணையும் பார்த்துப் பார்த்து வாங்குவோர், அந்தக் கருவியை மட்டும் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்த்தே வாங்குகின்றனர்.

ஆனால் எந்த மருந்தைத் தெளிக்கிறோம் என்பதற்கு இணையாக, எதைக் கொண்டு தெளிக்கிறோம் என்பதும் முக்கியமானது. மூடியில் கசியும் தெளிப்பான் மருந்தைச் செடிக்கு முன் கையில் சேர்க்கிறது. முனை தேய்ந்த தெளிப்பான் ஒரு செடிக்கு இரு மடங்கும் மற்றொன்றுக்குப் பாதியும் கொடுக்கிறது. அளவுக்கோடு பிழையான தெளிப்பான், சரியாக அளந்து ஊற்றிய மருந்தையும் தவறான விகிதத்தில் கலக்கிறது. இவை அனைத்தையும் கண்டறிய ஆய்வகம் தேவையில்லை; ஒரு குடம் தண்ணீரும் அரை மணி நேரமும் போதும்.

கேரளம் கற்ற பாடங்கள்

பூச்சிக்கொல்லி குறித்த எச்சரிக்கை உணர்வு கேரளத்தில் திடீரெனத் தோன்றியதன்று. 1958-ஆம் ஆண்டில், கப்பலில் உணவுப் பொருள்களுடன் ஏற்றி வரப்பட்ட பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கோதுமை மாவில் கலந்ததால் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டில் பூச்சிக்கொல்லிகளின் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உருவாக அத்துயரமே வித்திட்டது.

காசர்கோடு மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டதன் பாதிப்புகள், தெளிப்பு முறையே ஓர் ஆபத்தாக முடியும் என்பதை நாட்டுக்கு உணர்த்தின. அந்த மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுவதும் தடை விதித்தது. 2019 ஜனவரியில், பத்தனம்திட்டா மாவட்டம் திருவல்லா அருகே நெல் வயலில் பூச்சிக்கொல்லி தெளித்த 2 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதற்கு முன் 2017-இல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்தி வயல்களில் மருந்து தெளித்தபோது ஏற்பட்ட பாதிப்பால் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவை வயல்வெளிகளிலும் பெருந்தோட்டங்களிலும் நிகழ்ந்தவை. மாடித்தோட்டத்தில் பயன்படும் மருந்தின் அளவு மிகக் குறைவு. பலர் வேப்பெண்ணெய் போன்ற இயற்கைப் பொருள்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஆயினும் வீட்டில் இடைவெளியும் மிகக் குறைவு. தெளிக்கும் இடத்திலிருந்து சில அடிகளில் குடிநீர்த் தொட்டி இருக்கும். அடுத்த வீட்டுத் துணிக்கொடி இருக்கும். குழந்தைகள் விளையாடும் இடமும் அதுவாகவே இருக்கும்.

மற்றொரு முரணும் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இயங்கும் ஆய்வகம், சந்தையில் விற்கப்படும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் உள்ளதா என்பதை ஆய்வு செய்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. அந்த எச்சத்துக்கு அஞ்சியே பலர் வீட்டில் காய்கறி வளர்க்கின்றனர். மாநில வேளாண் துறையின் 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி' திட்டமும் அதற்கு ஊக்கமளிக்கிறது. கருவியின் குறையால் அதே எச்சம் வீட்டுக் காய்கறியிலும் சேருமானால், தோட்டம் போட்டதன் நோக்கமே வீணாகிவிடும்.

நான்கு வகைக் கருவிகள்

வீட்டு உபயோகத்துக்கு விற்பனையாகும் கைத்தெளிப்பான்களை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை கொள்ளும் விசைப்பிடிப் புட்டி. விரலால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1 மில்லி லிட்டர் திரவமே வெளிவரும். அரை லிட்டரைத் தெளித்து முடிக்க 500 முறை அழுத்த வேண்டியிருக்கும். ஜன்னலோரத்தில் நான்கைந்து தொட்டிகள் வைத்திருப்போருக்கு இது போதும். அதற்கு மேல் விரல் தாங்காது.

இரண்டாவது, மேல்பகுதியில் கைப்பம்பு பொருத்திய ஒன்றரை அல்லது 2 லிட்டர் அழுத்தத் தெளிப்பான். சில முறை பம்பை அழுத்திக் காற்றை ஏற்றியபின், விசையைப் பிடித்தால் தொடர்ந்து பீய்ச்சும். மூன்றாவது, 5 முதல் 8 லிட்டர் வரை கொள்ளும், தோளில் மாட்டிக்கொள்ளும் அழுத்தத் தெளிப்பான். இதில் குழாயும் நீண்ட தெளிப்புக்கோலும் தனியாக இருப்பதால் பந்தலின் உயரத்துக்கும் எட்டும். நான்காவது, உழவர்கள் பயன்படுத்தும் 14 முதல் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான். ஒரு கையால் நெம்புகோலை இயக்கியபடியே மறுகையால் தெளிக்க வேண்டும்.

பெரியது வாங்கினால் எல்லாவற்றுக்கும் உதவும் என்ற எண்ணம் பொதுவானது. 16 லிட்டர் தண்ணீரின் எடையே 16 கிலோ. கருவியின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 கிலோவைச் சுமந்தபடி மாடிப்படி ஏற வேண்டும். அதன் அடியில் 2 லிட்டரை மட்டும் ஊற்றிப் பயன்படுத்தலாம் என்றால், உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமல் ஒரு பகுதி எப்போதும் தேங்கிவிடும்.

எத்தனை லிட்டர் தேவை?

இக்கேள்விக்கான விடை கடையில் கிடைக்காது; தோட்டத்தில்தான் கிடைக்கும். வளர்ந்த செடி ஒன்றின் இலைகள் இருபுறமும் நனைய 75 மில்லி லிட்டர் தேவைப்படுகிறது என வைத்துக்கொண்டால், 40 பைகளுக்கு 3 லிட்டர் போதும். நாற்றுகளுக்கு இதில் பாதிகூட ஆகாது; படர்ந்த பாகல் பந்தலுக்கு இதைவிடக் கூடுதலாகும். அழுத்தத் தெளிப்பானை முழுமையாக நிரப்பக்கூடாது என்பதால், 3 லிட்டர் தேவைப்படுவோருக்கு 5 லிட்டர் கருவியே பொருத்தமானது. 10 பைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு ஒன்றரை அல்லது 2 லிட்டர் கருவியே மிகுதி.

உத்தேசக் கணக்கை விட உறுதியான வழி ஒன்றும் உண்டு. வாங்கும் முன் அண்டை வீட்டாரின் கருவியை இரவல் வாங்கி, அதில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றித் தோட்டம் முழுவதும் தெளித்துப் பார்ப்பதே அது. எவ்வளவு செலவானதோ அதுவே தேவை. அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் மருந்து கலக்கும் ஒவ்வொரு முறையும் பயன்படும்.

முழுமையாக நிரப்பக்கூடாது, ஏன்?

அழுத்தத் தெளிப்பானில் திரவத்தை வெளியே தள்ளுவது, உள்ளே அடைபட்ட காற்று. தொட்டியின் முக்கால் பங்கு திரவமும் கால் பங்கு காற்றும் இருக்குமாறு நிரப்புவது வழக்கம். திரவம் வெளியேற வெளியேற உள்ளே காற்றுக்கான இடம் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. கால் பங்கு காற்றுடன் தொடங்கி, திரவத்தில் பாதி தீரும்போது காற்றின் இடம் இரண்டரை மடங்காகிவிடும். அதனால்தான் இடையிடையே மீண்டும் பம்பு செய்ய வேண்டியிருக்கிறது.

விளிம்பு வரை நிரப்பினால் காற்றுக்கு இடமே இராது. சிறிதளவு திரவம் வெளியேறியதும் அழுத்தம் சரிந்து, நுண்துளிகள் பெருந்துளிகளாகி ஒழுகத் தொடங்கும். கருவி பழுதென்று பலரும் கருதுவது பல வேளைகளில் இதுவே. எதிர்மாறாக, அழுத்தம் ஏற்றிய கருவியை வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகி அழுத்தம் மேலும் கூடும். எனவே மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு இல்லாத அழுத்தத் தெளிப்பானைத் தவிர்ப்பதே நல்லது. மூடியைத் திறக்கும் முன் அந்த வால்வை இழுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்றுவது கட்டாயம்.

இலையின் அடிப்புறம்தான் இலக்கு

வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவை பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுபவை. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் தமிழகத்தின் பொள்ளாச்சியிலும் அதை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டிலும் கண்டறியப்பட்ட பின், வீட்டுத் தோட்டத்து வாழை, கொய்யா போன்றவற்றிலும் பரவலாகக் காணப்படுகிறது. அதன் கழிவுத் தேன் படிந்த மேல்புறத்தில் கரும்பூசணம் வளர்வதால், மக்கள் மேல்புறத்தையே கழுவுகின்றனர். பூச்சியோ கீழே பத்திரமாக இருக்கிறது.

ஆகவே தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்ப முடிகிறதா என்பது தேர்வின் முதன்மையான கேள்வி. வளைந்த தெளிப்புக்கோலோ, சுழலும் முனையோ இருந்தால் செடியின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிக்கலாம். விசைப்பிடிப் புட்டிகளில் இதற்கொரு தடை உண்டு: புட்டியைச் சாய்த்ததும் உள்குழாய் திரவத்தை விட்டு விலகி வெறும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். பாதி நிரப்பிய புட்டியைச் சாய்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

முனையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. பூச்சி, பூசண மருந்துகளுக்கு வளையம் போல விழும் உள்ளீடற்ற கூம்பு வடிவத் தெளிப்பு ஏற்றது. துளிகள் பல திசைகளிலிருந்து இலையைச் சேரும். விசிறி போல் தட்டையாக விழுவது களைக்கொல்லிக்கு உரியது. வீட்டுக் கருவிகளில் திருகினால் நுண்துளியும் நீர்த்தாரையும் மாறி வரும் முனை பொருத்தப்பட்டிருக்கும். துளி மிகவும் நுண்ணியதாக இருந்தால் காற்றில் மிதந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும். மிகப் பெரியதாக இருந்தால் இலையில் நில்லாமல் உருண்டு மண்ணில் விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நிறுத்த முடிகிற முனையே நல்ல முனை.

தண்ணீர் ஊற்றிச் செய்யும் ஏழு சோதனைகள்

புதிய கருவியாயினும் பழையதாயினும், மருந்தைத் தொடும் முன் பின்வரும் சோதனைகளை வெறும் தண்ணீரில் செய்துவிட வேண்டும்.

1. கசிவு: முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, முழு அழுத்தம் ஏற்றி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டுச் செய்தித்தாளின் மேல் 10 நிமிடம் வைக்கவும். மூடி, குழாய் இணையும் இடம், விசைப்பிடி, முனை ஆகிய நான்கு இடங்களில் விரலால் தடவிப் பார்க்கவும். தாளில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது வருங்காலத்தில் மருந்தின் ஈரம். முதுகுத் தெளிப்பானாக இருந்தால் மாட்டிக்கொண்டு முன்னே குனிந்து பார்க்க வேண்டும். மூடியில் கசிவு இருந்தால் அது கழுத்திலும் முதுகிலும் இறங்கும்.

2. அழுத்தம் நிற்றல்: அழுத்தம் ஏற்றிய கருவியை நிழலில் அரை மணி நேரம் தொடாமல் வைத்து, பிறகு விசையைப் பிடிக்கவும். முன்போலவே பீய்ச்சினால் வாஷரும் வால்வும் நலம். வெறுமனே ஒழுகினால் எங்கோ காற்று கசிகிறது. மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி எழும் இடமே பழுதான இடம்.

3. நிறுத்தம்: விசையை விட்டதும் தெளிப்பு அக்கணமே நிற்க வேண்டும். அதன் பிறகும் சொட்டிக்கொண்டிருந்தால், ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு நகரும் ஒவ்வொரு முறையும் மருந்து தரையிலும் காலிலும் விழும்.

4. தெளிப்பின் வடிவம்: உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஓர் அடி உயரத்திலிருந்து ஒரு நொடி தெளிக்கவும். ஈரம் சீரான வட்டமாகப் பதிய வேண்டும். ஒருபுறம் கனத்தும் மறுபுறம் வெறுமையாகவும் இருந்தால், அல்லது நடுவில் கோடுகள் விழுந்தால், முனையில் அடைப்போ தேய்மானமோ உள்ளது.

5. ஒரு நிமிட அளவு: ஒரு நிமிடம் முழுவதும் அளவுக் குவளையில் தெளித்து, கிடைத்த தண்ணீரைக் குறித்துக்கொள்ளவும். ஒவ்வொரு முறையும் முழு அழுத்தம் ஏற்றி, இதே போல் மூன்று முறை செய்ய வேண்டும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கருவி நம்பத்தக்கது. வீட்டுச் சுவர்களில் கொசுக்கொல்லி தெளிக்கும் அரசுப் பணியில் கைப்பம்பின் முனையிலிருந்து நிமிடத்துக்கு 740 முதல் 850 மில்லி லிட்டர் வரை வர வேண்டும் என்ற வரையறை பின்பற்றப்படுகிறது. வீட்டுக் கருவிக்கு அந்த எண் பொருந்தாது. ஆனால் அளந்து பார்க்கும் வழக்கம் பொருந்தும். புதிதாக இருந்தபோது கிடைத்ததை விடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வரத் தொடங்கினால், துளை தேய்ந்துவிட்டது என்று கொண்டு முனையை மாற்றிவிடலாம்.

6. அளவுக்கோடு: தொட்டியில் அச்சிட்ட கோடுகளை நம்பாமல், 1 லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்கவும். 2 லிட்டர் என்று காட்டும் கோட்டில் உண்மையில் ஒன்றரை லிட்டரே இருந்தால், 2 லிட்டருக்கென அளந்து ஊற்றிய மருந்தின் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இளந்தளிர் கருக அது போதும்.

7. மிச்சமும் கை வலியும்: தெளிப்பு நின்ற பிறகு அடியில் தேங்கியிருப்பதை அளந்து பார்க்கவும்; குறைவாக இருப்பதே நல்லது. அதே வேளையில், வீட்டில் இக்கருவியை வழக்கமாக இயக்கப்போவது யாரோ அவரே 10 நிமிடம் தொடர்ந்து இயக்கிப் பார்க்க வேண்டும். முதியவரோ மூட்டுவலி உள்ளவரோ பயன்படுத்துவதாக இருந்தால், விசையைப் பிடித்தபடியே பூட்டி வைக்கும் வசதி பெரிதும் உதவும்.

எதை ஊற்றப் போகிறோம்?

கேரளத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 2 விழுக்காடு வேப்பெண்ணெய்-பூண்டுக் கலவைக்கு, 1 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் 20 கிராம் பூண்டை அரைத்து வடித்த சாறும் ஏறத்தாழ 5 கிராம் சோப்பும் சேர்க்கப்படுகின்றன. சோப்பு இல்லையெனில் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து, முதல் செடிகளுக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிகளுக்கு வெறும் எண்ணெயும் போகும். தெளிக்கும்போது இடையிடையே கருவியைக் குலுக்க வேண்டும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் வாஷர்கள் உப்பி இளகும் என்பதால், மாற்று வாஷர்கள் கருவியுடன் தரப்படுகின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்த் தூள்கள் லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைக்கப்படுகின்றன. இவற்றோடு கலந்துள்ள மாக்கல் தூள் கரையாது. துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்ளும். தொட்டியின் வாயிலும் தெளிப்புக்கோலின் பிடியிலும் வடிகட்டி உள்ள கருவி இதற்குப் பொருத்தமானது. அடைப்பு ஏற்பட்டால் முனையைக் கழற்றி நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் நீக்க வேண்டும். ஊசியால் குத்தினால் துளை சிதையும். வாயால் ஊதுவதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாக்கு, மிளகு, ரப்பர் பயிர்களின் பூசண நோய்களுக்குக் கேரளத்தில் நெடுங்காலமாகப் பயன்படுவது போர்டோ கலவை. 1 விழுக்காடு கலவைக்கு 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டரிலும் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்தால் செம்பு நிறம் படிகிறது என்றால், அமிலம் மிஞ்சியுள்ளது என்று பொருள்; அது இலையைக் கருக்கும், சுண்ணாம்பு இன்னும் தேவை. செம்பு, இரும்பையும் தகரத்தையும் அரிக்கும். ஆகவே இக்கலவைக்குப் பிளாஸ்டிக் தொட்டியும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தெளிப்புக்கோலும் உள்ள கருவியே உகந்தது.

ஒரு கருவிக்கு ஒரு வேலை

களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பானை, எவ்வளவு கழுவினாலும், காய்கறிச் செடிக்குப் பயன்படுத்தக்கூடாது. குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருக்கும் எச்சமே செடியைக் கருகச் செய்யப் போதுமானது. கேரளத்தில் கிளைபோசேட் களைக்கொல்லியின் விற்பனைக்கு 2019 பிப்ரவரியில் அரசு தடை விதித்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வீட்டைத் துப்புரவு செய்யும் திரவங்களுக்கும் இதே விதி பொருந்தும். கொரோனா காலத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் தெளிக்க வாங்கிய பல கருவிகள் பின்னர் தோட்டத்துக்கு மாறின. அந்த வேதிப்பொருள் உலோக வால்வுகளையும் சுருள்வில்லையும் அரிக்கக்கூடியது. அதோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். கிருமிநாசினியை மனிதர்கள் மீது தெளிக்கக்கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே அறிவுறுத்தியது. துப்புரவுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்து, அழியாத மையால் பெயர் எழுதுவதே பாதுகாப்பு.

கடையில் கேட்க வேண்டியவை

தம்பானூருக்கு அருகிலுள்ள சாலை பஜாரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கேட்க வேண்டிய முதல் கேள்வி உதிரி பாகங்கள் பற்றியதாக இருக்க வேண்டும். வாஷர், முனை, குழாய் ஆகிய மூன்றும் தனியே கிடைக்காத கருவி, முதல் பழுதோடு குப்பைக்குச் செல்லும். கையால் இயக்கும் அழுத்தத் தெளிப்பான்களுக்கு ஐ.எஸ். 1970, முதுகுத் தெளிப்பான்களுக்கு ஐ.எஸ். 3906 என இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. அந்த எண்ணும் முத்திரையும் இருந்தால் கருவி ஒரு வரையறைக்கு உட்பட்டது என நம்பலாம். இல்லாவிட்டால் வீட்டில் செய்யும் சோதனையே ஒரே சான்று. இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஏழு சோதனைகளையும் முடித்துவிட வேண்டும். மருந்து ஊற்றிய கருவியைத் திருப்பித் தருவது விற்பவருக்கும் ஆபத்து.

தொட்டியின் வாய், சிந்தாமல் ஊற்றும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். திரவத்தின் மட்டம் வெளியே தெரிய வேண்டும். தோள்பட்டை வார் தோலில் பதியாத அகலத்தில் இருக்க வேண்டும். எந்தப் பயிருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்ற ஐயங்களுக்கு உள்ளூர் கிருஷி பவன் அலுவலர்களை அணுகலாம்.

தெளிக்கும் நேரம்

காலை வெயில் ஏறும் முன்போ மாலையிலோ, காற்று அடங்கிய நேரத்தில் தெளிப்பதே முறை. கடும் வெயிலில் வேப்பெண்ணெய் இலையைக் கருக்குவதோடு, அதன் வீரியமும் விரைவில் குன்றும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் மழை முன்னறிவிப்பைப் பார்ப்பது அவசியம். தெளித்த சிறிது நேரத்தில் மழை பெய்தால் மருந்தும் உழைப்பும் வீண்.

காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னோக்கி நகர்ந்தபடி தெளிக்க வேண்டும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இயற்கை மருந்துக்கும் தேவை. தண்ணீர்த் தொட்டியின் மூடியை முன்னதாக மூடி, அடுத்த வீட்டாரிடம் துணிகளை எடுக்கச் சொல்வது நல்லுறவுக்கும் நலத்துக்கும் உகந்தது. கடை மருந்தானால் அதன் உறையில் உள்ள முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கடுமையான நச்சையும், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் குறைந்து வரும் நச்சையும் குறிக்கும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மாடித்தோட்டத்தில் இடமே இல்லை. மருந்து உடலில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்; தலைச்சுற்றலோ வாந்தியோ ஏற்பட்டால் மருந்தின் உறையுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் கால்வாய் ஓடுகிறது. 2024 ஜூலையில் அதைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தபோது அதன் நிலை நாடு முழுவதும் பேசப்பட்டது. நகரின் நடுவே ஓடி ஆக்குளம் ஏரியைச் சேரும் கால்வாய் அது. மாடியின் மழைநீர்க் குழாயில் ஊற்றப்படும் மருந்துத் தண்ணீர் வடிகால் வழியே இறுதியில் சேரும் இடமும் இத்தகைய நீர்நிலைகளே. கிணறுகள் நிறைந்த கேரளத்தில், மண்ணில் கொட்டப்படுவதும் நிலத்தடி நீரிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

இங்கேதான் தண்ணீர் ஒத்திகையின் முழுப் பயனும் தெரிகிறது. தோட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை முன்பே அளந்து வைத்தவர், அவ்வளவே மருந்து கலக்குவார். மிச்சமும் இராது, கொட்ட வேண்டிய தேவையும் எழாது. தெளித்து முடித்தபின் கருவியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குலுக்கி, அதே செடிகளின் மேல் தெளித்துவிடலாம். இதை மூன்று முறை செய்தால் தொட்டி, குழாய், முனை மூன்றும் கழுவப்பட்டுவிடும். கழுவிய நீரும் மருந்து சேர வேண்டிய இடத்திலேயே சேரும்.

பின்னர் கருவியின் மூடியைத் திறந்து, நிழலில் தலைகீழாக உலர்த்த வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்க விட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே முட்டையிடும் இடமாகும். உலர்ந்தபின் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால், அடுத்த முறை எடுக்கும்போது மீண்டும் தொடங்க வேண்டியது அதே முதல் சோதனையிலிருந்துதான்: முக்கால் பங்கு தண்ணீர், ஒரு செய்தித்தாள், 10 நிமிடம்.